எனக்காக ‘நான்’ என்று சொன்னவர்

ஊர் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறவர்கள், எங்கே தங்கலாம், எதைச் சாப்பிடலாம் என்று தொடங்குவார்கள். தாம்பரம் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. தமிழ் தெரிந்தால், தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரன். இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். படித்தது தமிழ்ப்பள்ளியில். வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை மனசுக்குள் கணக்குப் போடுவதுகூடத் தமிழில்தான். ஓய்வு நேரத்தில் பிரபஞ்சம் பிறந்த கதையைப் பற்றி அங்கங்கே பேசப் போவேன். நான் ஆங்கிலத்தில் பேசிய ஒரு உரையை இணையத்தில் பார்த்துவிட்டு, கிழக்குத் தாம்பரத்துத் தேவாலயம் ஒன்றின் வாசகர் வட்டம் என்னை அழைத்தது. பிரபஞ்சம் ஆரம்பத்தில் ஒரேயடியாக வீங்கியது எப்படி, அந்தப் பெருவீக்கத்தில் நம்முடையதைப் போலப் பல பிரபஞ்சங்கள் பிறந்திருக்கக் கூடுமா என்பதுதான் பேச்சு. “தமிழில் பேசுவீர்களா, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?” என்று தேவாலயச் செயலர் கேட்டிருந்தார். எனக்குத் தமிழ் வராது என்று பதில் போட்டேன்.

ஏன் அப்படிப் போட்டேன் என்றால், பயம். முன்பு ஒருமுறை சென்னைக்கு வந்திருந்தபோது, துணிக்கடையில் “வேற கலர் இல்லையாலா?” என்று கேட்டேன். விற்பனைப் பெண் சிரித்தாள். பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். எங்கள் ஊரில் மூச்சு விடுவதுபோல வருகிற அந்த ‘லா’வை அன்றிலிருந்து வாயிலேயே பிடித்து வைத்திருக்கிறேன். பயம் மட்டும்தானா என்றால், இல்லை. பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தால் கொஞ்சம் பெரிய மனிதராகத் தெரிவோம் என்ற ஆசையும் இருந்தது.

விமான நிலையத்துக்கு வந்திருந்தவர்கள் ஜெயசீலன் சாரும் அவர் மனைவி ரூபி அக்காவும். சார் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் பேசப்போவதைத் தமிழில் சொல்லப்போகிறவர் அவர்தான். என்னைத் தங்கவைக்கப் போவதும் அவர்கள் வீட்டில்தான். ஆங்கிலத்தில் வரவேற்றார், பெட்டியை வாங்கிக்கொண்டார். கார் பல்லாவரம் தாண்டுவதற்குள் முன் இருக்கையிலிருந்து ரூபி அக்கா சொன்னார்:

“பார்க்க நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருக்காருங்க. ஒரு வார்த்தை தமிழ் சொல்லிக் குடுக்காம வளர்த்திருக்காங்களே, என்ன அம்மாவோ!”

என் அம்மா தமிழாசிரியை. ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவர். நான் ஜன்னல் வழியே குரோம்பேட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும்.

சேலையூரில் வீடு. இடியாப்பம், தேங்காய்ப்பால், ஆட்டுக்கால் பாயா. ஈப்போவில் நாங்கள் இடியாப்பத்துக்கு நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிடுவோம். பாயாவோடு சாப்பிட்டதில் இத்தனை வருஷம் வீணாகப் போயிற்றே என்று தோன்றியது. “இன்னும் ரெண்டு வைக்கட்டுமான்னு கேளுங்க” என்பார் அக்கா. சார் அதை ஆங்கிலத்தில் கேட்பார். அதுவரை நான் பசியோடு, ஒன்றும் புரியாத முகத்தோடு, இடியாப்பத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். செய்த பாவத்துக்கு அங்கேயே கொஞ்சம் தண்டனை கிடைத்தது.

சாப்பிட்டபின் சார் என் உரையைப் பற்றி உட்கார்ந்து கேட்டார். அந்த ஊர்த் தேவாலயங்களில் ஒரு வழக்கம் உண்டு. கன்வென்ஷன் என்று பெரிய மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துவார்கள். வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்பவர் அதே வேகத்தில், அதே கைவீச்சோடு தமிழில் சொல்வார். அவர் கத்தினால் இவரும் கத்த வேண்டும், அவர் அழுதால் இவர் குரலும் தழுதழுக்க வேண்டும். சார் பல வருஷம் அந்த வேலையைச் செய்தவர்.

“ஒரே ஒரு விதிதான்” என்றார் ஆங்கிலத்தில். “‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லவே கூடாது. அவருடைய ‘நான்’தான் என்னுடைய ‘நான்’. முதல் தடவை நான் மேடையேறிய அன்று, பிரசங்கியார் எடுத்த எடுப்பில் தான் பெரிய குடிகாரனாக இருந்ததாகச் சொன்னார். நானும் கையை நெஞ்சில் வைத்து, ‘நான் பெரிய குடிகாரனாக இருந்தேன்’ என்றேன். முன்வரிசையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆங்கிலத்தில் சொன்னதுதானே, சிரிக்கலாம்.

பெருவீக்கம் நின்ற இடங்களிலெல்லாம் ஒவ்வொரு பிரபஞ்சமாகப் பிறந்திருக்கலாம் என்பதற்கு, அடுப்பில் உப்பி எழும் திராட்சை ரொட்டியை உதாரணமாக வைத்திருந்தேன். சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இங்கே யாரும் வீட்டில் ரொட்டி சுடுவதில்லை. ஆப்ப மாவு என்று மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். உங்களைக் கேட்காமல் மாற்ற மாட்டேன்.” நான் பெருந்தன்மையோடு தலையசைத்தேன். ஈப்போப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணமே ஆப்ப மாவுதான். ஆங்கிலத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று திராட்சை ரொட்டியை இரவல் வாங்கியிருந்தேன்.

மறுநாள் ஊர் காட்டக் கூட்டிப் போனார்கள். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் கடைகள் நன்றாக இருக்கும் என்று திட்டம். ஊரப்பாக்கம் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவில் கார் படுத்துவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் எழுப்பிய ஹாரன் சத்தம் ஈப்போவில் ஒரு வருஷத்துக்குப் போதும். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஓரம்கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

“இன்னா சார், வண்டி பேஜார் பண்ணுதா? நீ ஸ்டேரிங்கப் புடி. நானும் இவரும் தள்ளிக்கிறோம்.”

“அவருக்குத் தமிழ் தெரியாதுப்பா” என்றார் ரூபி அக்கா.

“தள்றதுக்கு இன்னாத்துக்குமா தமிழு?”

தள்ளினோம். பாதியில் அவர், “சார், நவுரு! பின்னாடி பஸ் வந்துகினு கீது!” என்று கத்தினார். நான் ஒரே தாவாக ஓரத்துக்குத் தாவினேன்.

ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாத்தான் புரிஞ்சிக்கிறாரு.”

“உயிர் பயம் வந்தா எல்லா பாஷையும் புரியும்” என்றார் அக்கா. நானும் ‘என்ன சொல்கிறார்கள்?’ என்பதுபோலச் சாரைப் பார்த்தேன். அவர் பொறுமையாக, வரிக்கு வரி, பஸ் உட்பட எல்லாவற்றையும் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

அதே ஆட்டோவில் மெக்கானிக்கைத் தேடிச் சார் போனார். நானும் அக்காவும் ஒரு மரத்தடியில் நின்றோம். அக்காவுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. இரண்டடி தள்ளிக்கூடப் போகாமல் பேசினார்.

“அப்பா இல்லடி, மெக்கானிக்கக் கூப்பிடப் போயிருக்காங்க. தூக்கமே இல்ல அவருக்கு. போன வருஷம் கன்வென்ஷன்ல வார்த்தை வராம அப்படியே நின்னாரே, அதுல இருந்து அவர் அவராவே இல்ல. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகிட்டு இருக்காரு, நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. நாளைக்கு இந்தக் கூட்டத்தப் பார்த்துட்டுத்தான் ஜனவரி கன்வென்ஷனுக்கு யாருன்னு முடிவு பண்ணுவேன்னு செகரட்டரி சொல்லிட்டாரு. நாளைக்கும் தவறிடுச்சுன்னா அவ்ளோதான், உடைஞ்சு போயிடுவாரு. உனக்கு நான் சொன்னேன்னு அப்பாவுக்குத் தெரியவே கூடாது, கேட்டியா?” பிறகு என் பக்கம் ஒரு பார்வை. “பக்கத்துலதான் நிக்கிறாரு. பரவால்ல, அவருக்கு என்ன புரியப் போகுது?”

எனக்குக் காது சுட்டது. ஒட்டுக்கேட்பவனாவது ஒளிந்து நின்று கேட்பான். நான் எதிரில் நின்று, லேசாகச் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

சமாதானம் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். இப்போது தமிழ் தெரியும் என்று சொன்னால் நாளைக்குச் சாருக்கு மேடை இல்லை, அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அந்தப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று முழுக்கச் சுற்றினேன்.

கார் உயிர்பெற்று, பொத்தேரி போய்ச் சேர்ந்தோம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தந்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது பெரியப்பா பிள்ளை. பக்கத்து மேசையில் ஒரு மாணவன், “மச்சான், நாளைக்கு எக்ஸாம்டா, எனக்கு எந்த யூனிட்டும் தெரியாது” என்று சொல்லிவிட்டு மூன்றாவது பரோட்டா கேட்டான். ரூபி அக்கா வேறு கவலையில் இருந்தார்.

“பல பிரபஞ்சம்னு சொன்னா கமிட்டில சிலருக்குப் பிடிக்காதுங்க. ‘இதெல்லாம் வெறும் கற்பனை’ன்னு நீங்களா ஒரு வரி சேர்த்துச் சொல்லிடுங்க. இவருக்குத் தெரியவா போகுது?”

சார் பரோட்டாவைக் கீழே வைத்தார். “அவருக்குத் தமிழ் தெரியாது ரூபி. அதனாலதான் நான் ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்கணும். தன் வாயை என்கிட்ட குடுத்துட்டு நிக்கிறாரு மனுஷன்.”

“சால்னா காரமாக இருக்கிறதா?” என்று பிறகு என்னை ஆங்கிலத்தில் கேட்டார். என் கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆமாம், காரம் என்றேன்.

மூன்றாம் நாள் மாலை கூட்டம். தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஆசிரியர்கள், ஆபீஸ் முடிந்து அடையாள அட்டையோடு நேரே வந்தவர்கள், காலனிக் குடும்பங்கள். முன்வரிசையில் செயலர். இரண்டாம் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ரூபி அக்கா.

நான் ஒரு வாக்கியம், சார் ஒரு வாக்கியம். வானத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும், ஆதியில் கிளம்பிய ஒளியின் மிச்சம் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கிறது. ஒரு கோடிக்கும் எதிர்க்கோடிக்கும் சேதி போக நேரமே இருந்திருக்காது, பிறகு எப்படி ஒன்றுபோல் ஆயின? தண்டவாளத்துக்குக் கிழக்கேயும் மேற்கேயும் இரண்டு டீக்கடைகள், யாரும் யாரையும் பார்த்ததே இல்லை, ஆனால் டீ ஒரே சூடு, ஒரே ருசி. அப்படியென்றால் முன்னொரு காலத்தில் இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருந்திருக்க வேண்டும். நடுவிலிருந்த இடம் கண்ணிமைப்பதை விடவும் மிக மிகச் சிறிய நேரத்தில் பிரம்மாண்டமாக வீங்கி, அவற்றைப் பிரித்துவிட்டது. இதுதான் பெருவீக்கம். மண்டபம் கவனமாகக் கேட்டது. சாரின் தமிழ் என் ஆங்கிலத்தைவிட நன்றாக இருந்தது.

பிறகு ஆப்ப மாவுக்கு வந்தோம். மாவு ஓரிடத்தில் பொங்கி அடங்கினால் அங்கே ஒரு குமிழி. அந்தக் குமிழிதான் நம் பிரபஞ்சம். மற்ற இடங்களில் இன்னும் பொங்கிக்கொண்டே இருந்தால், அங்கும் இங்கும் வேறு குமிழிகள் வரலாம். இது நிரூபிக்கப்பட்டதல்ல, சாத்தியம் என்றுதான் சொல்கிறோம் என்றேன். அந்த இடத்தில் சார் நின்றுவிட்டார்.

வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. செயலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எந்தச் சொல்லில் சிக்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் எனக்குத் தமிழ் தெரியும். அதே விஷயத்தை இன்னும் எளிய ஆங்கிலத்தில், நானே அழுத்திச் சொல்ல விரும்பியதுபோல, மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். சார் பிடித்துக்கொண்டார். “இது நடந்தது என்று சொல்லவில்லை, நடந்திருக்கலாம் என்கிறேன்.” வண்டி மறுபடி ஓடியது. மூன்று நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்த மிதப்பில்தான் கவனம் தவறியது.

கேள்வி நேரம். குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்ன ஒரு டீச்சரம்மா எழுந்தார்.

“சார், அந்த இன்னொரு பிரபஞ்சத்துலயும் ஒரு தாம்பரம் இருந்து, அங்கயாவது சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டுல டிராஃபிக் இல்லாம இருக்குமா?”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், சார் என் பக்கம் திரும்பி வாய் திறப்பதற்குள், பதிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். “இருக்கலாம். ஆனால் இந்த ரோட்டை விட்டு அந்த ரோட்டுக்குப் போக வழியே கிடையாது. நடுவிலிருக்கும் மாவு ஒளியைவிட வேகமாகப் பொங்குகிறது. இங்கிருந்து அங்கே ஒரு சேதிகூட…”

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் கேள்வியை எனக்கு யாரும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. சார் என்னைப் பார்த்தார். மைக்கைத் தாழ்த்த மறந்துவிட்டார். “சார், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அந்த நேரத்திலாவது தமிழில் பேசியிருக்க வேண்டும். பழக்கமான ஓட்டுக்குள் ஆமை தலையை இழுப்பதுபோல ஆங்கிலத்துக்குள்ளேயே போனேன். “ஆம், எனக்குத் தமிழ் தெரியும்” என்றேன் ஆங்கிலத்தில்.

ஜெயசீலன் சார் மண்டபத்தின் பக்கம் திரும்பினார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

“ஆம். எனக்குத் தமிழ் தெரியும்” என்றார்.

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. நான் தொடர்ந்தேன், நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்றேன். “நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்” என்றார். நான் இந்த மனிதரிடம் பொய் சொன்னேன் என்று அவரைக் காட்டினேன். விதிப்படி அவரும் கையை நீட்ட வேண்டும். தன் நெஞ்சையே தொட்டுக்கொண்டு, “நான் இந்த மனிதரிடம் பொய் சொன்னேன்” என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“இவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, இவர் மனைவியிடமும் பொய் சொன்னேன்.”

“நான் வெட்கப்படுகிறேன்” என்று அதையும் சார் தமிழில் சொன்னார்.

ஒரு சொல் தட்டவில்லை, ஒரு இடம் தேங்கவில்லை. என் குரல் நடுங்கிய அதே இடத்தில் அவர் குரலும் நடுங்கியது. சொந்த சபைக்கு முன்னால், தன்னைத் தெரிந்த அத்தனை பேருக்கும் முன்னால், ஒரு தப்பும் செய்யாத மனிதர் நான் செய்ததை ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பேசும்போது அவரைத்தானே பார்ப்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் செயலர் வந்து சாரின் கையைக் குலுக்கினார். “ஜனவரிக்கு நீங்கதான் சார். இதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும்?” என்றார். சார் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “கன்வென்ஷன் எனக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.”

காரில் நான் தமிழில் பேச்செடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். வீட்டில் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். “அதனாலென்ன, ஓய்வெடுங்கள்” என்றார், ஆங்கிலத்தில். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். கடைசிவரை அவர் என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லை. அத்தனை மரியாதையோடு என்னை வெளிநாட்டுக்காரனாகவே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிளம்பும்போது சார் காரை எடுக்கத் தெருமுனைக்குப் போனார். வாசலில் பெட்டியோடு நின்றேன். ரூபி அக்கா இட்லிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றார். தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் நேராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“தம்பி, அன்னைக்கு ஊரப்பாக்கத்துல, மரத்தடியில நான் என் பொண்ணுகிட்ட பேசினது…”

அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. தன் புருஷன் அழுவது இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டதா, அது அவர் காதுக்குப் போய்விடுமா என்று கேட்கிறார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ரோட்டுல ஒரே சத்தமா இருந்துச்சுக்கா. எனக்கு ஒண்ணுமே கேட்கலலா” என்றேன்.

‘லா’ தானாக வந்து விழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. பொட்டலத்தை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“பொய் சொல்லும்போது மட்டும் உங்களுக்குத் தமிழ் நல்லா வருது, தம்பி” என்றார்.